ட்ரிகர் கல்லு மாதிரி இருக்குன்னு ஸ்பிரிங்ல கை வைக்காதீங்க

எஸ்டேட் வச்சிருக்கற ஒருத்தர் கொஞ்ச நாள் முன்னாடி நான் துப்பாக்கி சுடச் சொல்லிக்குடுக்கற ரேஞ்சுக்கு வந்தார், கையில கான்பூர் .32 ரிவால்வர், லைசென்ஸ் எல்லாம் பக்கா. "மாஸ்டர், முன்னாடி ட்ரிகர் கல்லு மாதிரி இருந்துச்சு, இப்ப இழுத்துப் பாருங்க, வெண்ணெய்"ன்னார். காலி பண்ணி இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய்தான். ஆறு தோட்டா போட்டு சுடச் சொன்னேன், நாலு வெடிச்சுது, ரெண்டு டிக் டிக். அரை நிமிஷம் டார்கெட்டைப் பார்த்தே பிடிச்சிருக்கச் சொல்லிட்டு (லேட்டா வெடிக்கறதும் உண்டு) அப்புறம் திறந்து பார்த்தா, வெடிக்காத ரெண்டுலயும் பிரைமர் (தோட்டா அடியில இருக்கற, அடிபட்டா தீப்பொறி விடற சின்ன மூடி) மேல சும்மா நகத்தால கிள்ளின மாதிரி ஒரு தடம். ஏதோ லேத் பட்டறையில ஸ்பிரிங்கை அரம் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. லைசென்ஸ் இல்லாத இடத்துல துப்பாக்கியை ரிப்பேருக்குக் குடுக்கறது ஆயுதச் சட்டப்படி தப்பு, அது தனிக்கதை.

ட்ரிகர் ஏன் கனமா இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். டபுள் ஆக்‌ஷன்ல, அதாவது ஹேமரை (பின்னாடி இருக்கற சுத்தியல்) கட்டைவிரலால ஏத்தாம ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடறப்ப, உங்க ஒரு விரல்தான் எல்லா வேலையும் பாக்குது, சிலிண்டரைச் சுத்துது, ஹேமரைப் பின்னாடி தள்ளுது, கடைசில விடுது. பொதுவா இதுக்கு நாலரை, அஞ்சு கிலோ இழுவை வேணும், சிலதுல இன்னும் ஜாஸ்தி. அந்த ஹேமர் ஸ்பிரிங்தான் பிரைமரை அடிச்சு வெடிக்க வைக்குது, அதனால அதை இளக்கினா இழுவை குறையும், அடியும் சேர்ந்தே குறையும்.

ஆனா குறி தப்புறதுக்குக் காரணம் ஸ்பிரிங் இல்ல, எடைக் கணக்கு. 2014ல வந்த நிர்பீக் ரிவால்வர் வெறும் அரைக் கிலோ, அதை அஞ்சு கிலோ விசையில இழுத்தா துப்பாக்கி அசையாம என்ன செய்யும்? அஞ்சு கிலோ அரிசிப் பையை ஒத்தை விரல்ல தூக்கிப் பாருங்க, கை முழுக்க சேர்ந்து நடுங்கும். வலது கைக்காரங்களுக்கு குண்டு கீழ இடது பக்கம் போய் விழறது பெரும்பாலும் இதனாலதான், துப்பாக்கி சரியில்லன்னு என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான்.

நான் முதல்ல மாத்தறது விரலைத்தான். நுனி விரலால இழுக்காதீங்க, முதல் மூட்டு மடிப்பு ட்ரிகர்ல உக்காரணும், அங்கதான் பலம் இருக்கு. கையை பிடியில முடிஞ்ச வரைக்கும் மேல ஏத்திப் பிடிங்க, மத்த மூணு விரலும் இழுக்கறதுக்கு முன்னாடியே இறுக்கமா இருக்கணும், இழுக்கும்போது சேர்ந்து இறுகக்கூடாது. பாதில நிறுத்தி குறி பாத்துட்டு மீதியை வெடுக்குனு இழுக்கறது பல பேருக்குப் பழக்கம், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கிணத்துல தண்ணி இழுக்கற மாதிரி ஒரே சீரா, கண்ணு முன் சைட்டை (பேரல் நுனியில இருக்கற குறிமுள்) விட்டு நகராம இழுங்க.

நம்ம ஊர்ல தோட்டா விலைக்கு தினமும் சுட்டுப் பழக முடியாது, இவ்ளோதான் வாங்கலாம்னு கோட்டாவும் இருக்கு. அதனால காலித் துப்பாக்கில வீட்டுப் பயிற்சிதான். நிஜத் தோட்டா அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. திறந்து ஆறு ஓட்டையையும் கண்ணால ஒரு தடவை, விரலால ஒரு தடவை பாருங்க, செங்கல் சுவரைப் பார்த்து நில்லுங்க, மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுக்கங்க. பேரல் மேல முன் சைட்டுக்குப் பின்னாடி ஒரு ரூபாய் நாணயம் வச்சு இழுங்க, விழாம பத்து தடவை வந்துட்டா நீங்க ரெடி. இருபதுக்கு மேல போகாதீங்க, விரல் களைச்சுட்டா தப்பைத்தான் பழகும். மூட்டுவலி, கை மரத்துப்போறது இருந்தா டாக்டரைப் பாருங்க, வீம்பு வேண்டாம்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஹேமரை இழுத்து வச்சிட்டே சுடலாமே"ன்னு கேப்பாங்க. ரேஞ்ச்ல சரி. பயத்துல கை நடுங்கும்போது ஹேமர் ஏத்தின ரிவால்வர்ல லேசா விரல் பட்டாலே வெடிச்சிடும், சுட வேண்டாம்னு முடிவு பண்ணா வேர்த்த கட்டைவிரலால அதை இறக்கறது அதைவிட ஆபத்து. நியூயார்க் போலீஸே ஒரு கட்டத்துல டபுள் ஆக்‌ஷன் மட்டும் வேலை செய்யற ரிவால்வருக்கு மாறினாங்க. 1932ல எட் மெக்கிவர்ன்னு ஒரு அமெரிக்கர் அஞ்சு குண்டை 0.45 செகண்ட்ல சுட்டார், அதுவும் டபுள் ஆக்‌ஷன்லதான்.

எஸ்டேட்காரருக்கு லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட புது ஸ்பிரிங் போட்டாச்சு. ட்ரிகர் மறுபடி கல்லு. நேத்து போன்ல கேட்டேன், நாணயம் ஏழாவது இழுப்புல விழுதாம்.