சாவி எதுக்காம்?

போன மாதம் மதினிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கையெழுத்துக்கு நீட்டிய தாளில் 'சாவித்துளை அறுவை சிகிச்சை' என்றிருந்தது. மதினி நிதானமாக வாசித்துவிட்டு, "சாவி எதுக்காம்?" என்று கேட்டார்கள். பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்துச் சலித்த சொல் எனக்கு; அவர்களுக்குப் புதிர்.

இந்த அறுவைக்கு டாக்டர்கள் சொல்கிற பெயர் லேப்பராஸ்கோப்பி. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். லபாரா என்றால் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி. ஸ்கோப்பெய்ன் என்றால் பார்ப்பது. அவ்வளவுதான். சாவித்துளையோ 'கீஹோல்' என்கிற ஆங்கிலப் பேச்சுவழக்கின் மொழிபெயர்ப்பு. சின்ன ஓட்டை என்றதும் ஆங்கிலேயர்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும், நமக்கு ஊசிக்காது. அதிலும் வேடிக்கை, சாவியே போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். கிரேக்கம் ஆகாது, போர்த்துக்கீசியம் ஆகுமாக்கும்!

சரி, பொருளாவது பொருந்துகிறதா? பூட்டுக்கு ஒரு துளை, இதற்கு வழக்கமாக நான்கு. கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, தொப்புளருகே சுமார் 10 மி.மீ. துளையில் கேமராவை விடுகிறார்கள். மற்றவற்றில் நீளக் கருவிகள். பித்தப்பையின் குழாய்க்கும் ரத்தநாளத்துக்கும் கிளிப் போட்டு அறுத்து, பையைத் துளை வழியாகவே இழுத்துவிடுகிறார்கள். சிலர் இதை 'நுண்துளை' என்கிறார்கள். வேர்வை வரும் துளைதான் நுண்துளை. சுண்டுவிரல் பருமனுள்ளதை அப்படிச் சொல்லலாமா? ஊரில் 'லேசர் ஆபரேஷன்' என்பதும் தப்பு. உள்ளே போகிற வெளிச்சம் பார்ப்பதற்குத்தான், வெட்டுவதற்கல்ல.

இதற்கு முந்தைய பழைய முறை, 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற டாக்டர் தொடங்கியது: வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறி எடுப்பது. துளைபோட்டு எடுப்பதை 1985-இல் எரிச் மூஹே என்ற டாக்டர், அதுவும் ஜெர்மனியில்தான், தொடங்கினார். உள்ளே பை ஒட்டிக்கிடந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ பாதியில் பழைய முறைக்கே மாறுவார்கள். அதைத் தாளில் 'திறந்தநிலைக்கு மாற்றப்படலாம்' என்று எழுதியிருந்தார்கள். எது திறந்தநிலை? கதவா? வார்டு பக்கமே போகாமல் அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் இப்படித்தான்.

மறுநாள் பக்கத்துக் கட்டில் ஆச்சி மதினியிடம் கேட்டார்: "கீறி எடுத்தாவளா, தொளை போட்டு எடுத்தாவளா?"

கீறல்வழி அறுவை, துளைவழி அறுவை. ஆச்சி கேட்டதில் இரண்டு கலைச்சொல்லும் இருக்கிறது. யாரும் அகராதியைப் புரட்ட வேண்டாம்.

அப்புறம், பித்தப்பைக்குள் இருந்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதைக் குலுக்கிப் பார்த்து 'கல் ஆபரேஷனா?' என்கிறார்கள். கல்லை மட்டுமில்லை, பையையே எடுத்தாச்சு என்று மதினி ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.