வீடு திரும்பாத ‘ஷென்’: அதிர்ச்சியைச் சீன மருத்துவம் பார்க்கும் விதம்

“விபத்து நடந்து எட்டு மாசமாச்சு. காயம் ஆறிடுச்சு, எக்ஸ்ரேயும் சரியா இருக்கு. இன்னும் எதுக்குப் பயப்படுறானு தெரியல.” மனைவியை அழைத்து வந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். அந்த அம்மா நாற்காலியின் நுனியில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் இரண்டு தோள்களும் காது வரை ஏறின. குக்கர் விசில் தாங்க முடியாமல், மாதக்கணக்காகச் சோற்றைப் பானையில்தான் வடிக்கிறாராம். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை.

அக்குபங்சர் சிகிச்சையில் இப்படிப் பலரைப் பார்க்கிறேன். “எல்லாம் முடிஞ்சு போச்சே, மறந்துடு” என்று வீட்டார் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அது இன்னும் முடிந்துபோகவில்லை.

சீன மருத்துவம் இதை மனபலம் குறைந்தவரின் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. நம் தெளிவு, நினைவு, கண்ணில் தெரியும் ஒளி இவற்றையெல்லாம் சேர்த்து ‘ஷென்’ என்கிறது. அதன் வீடு இதயம். பகலில் கண் வழியாக உலகத்தைப் பார்க்கும் ஷென், இரவில் இதயத்தின் இரத்தத்தில் வந்து அடங்கும், அதுதான் தூக்கம். சுமார் 2000 ஆண்டுப் பழமையான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற மூல நூல், ஒவ்வோர் உணர்ச்சியும் உயிர்ச்சக்தியை ஒவ்வொரு திசையில் இழுக்கும் என்கிறது. கோபத்தில் அது மேலே ஏறும், பயத்தில் கீழே இறங்கும், துக்கத்தில் கரையும். கோபம் தலைக்கேறுவதும் பயத்தில் வயிற்றைக் கலக்குவதும் நமக்கும் தெரிந்தவைதானே!

திடீர் அதிர்ச்சியில் மட்டும் அது எந்தத் திசையிலும் போகாமல் குழம்பிவிடும். இதயத்துக்குச் சாய்ந்துகொள்ள இடமில்லை, ஷென்னுக்குத் திரும்ப இடமில்லை, எண்ணத்துக்கு நிலைகொள்ள இடமில்லை என்கிறது அந்த நூல். இந்த அதிர்ச்சியைக் குறிக்கும் சீன எழுத்தின் பழைய வடிவத்தில் அடியில் ஒரு குதிரை இருக்கும். மிரண்ட குதிரையை அதட்டி நிறுத்த முடியாது என்பது அதைப் பழக்கியவர்களுக்குத் தெரியும்.

ஜாங் ஸோங்ஜெங் (1156–1228) என்ற சீன மருத்துவர் பதிவு செய்த ஒரு சிகிச்சையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பயணத்தில் ஒரு விடுதியின் மாடியில் தங்கிய பெண். அன்று இரவு கொள்ளையர் புகுந்து தீ வைக்க, பயத்தில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அதன்பின் சின்னச் சத்தம் கேட்டாலும் மயக்கம். வீட்டார் ஓசைப்படாமல் நடந்தார்கள். ஜின்செங் முதலான மருந்துகள் கொடுத்தும் ஒரு வருடத்துக்கு மேலாகக் குணமில்லை.

ஜாங் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரு பணிப்பெண்களைக் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எதிரே ஒரு சிறு மேசை. “இதைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு மேசையைக் கட்டையால் தட்டினார். அந்தப் பெண் திடுக்கிட்டார். “கட்டையால் மேசையைத் தட்டுகிறேன், இதில் பயப்பட என்ன?” என்றார். கொஞ்சம் அடங்கியதும் மறுபடி தட்டினார். பிறகு கதவு, அதன்பின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல். மெல்ல அந்தப் பெண் சிரித்துவிட்டார். கடைசியில் இடி இடித்தாலும் அவர் திடுக்கிடவில்லை என்று பதிவு முடிகிறது. பழகிப்போனது பயமுறுத்தாது என்பதுதான் ஜாங் சொன்ன காரணம்.

பயந்ததைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் முறை இன்றைய உளவியலிலும் உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் பட்டாசு வெடித்துப் பார்த்துவிடாதீர்கள். அங்கே கைகளைப் பிடித்துக்கொள்ள இருவர் இருந்தார்கள், முதலில் சொல்லிவிட்டுத்தான் ஜாங் தட்ட ஆரம்பித்தார். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது இன்னொரு அதிர்ச்சி.

அதனால் முதல் நாள் விபத்தைப் பற்றி நான் கேட்பதில்லை. வாசல் தெரிகிற மாதிரி உட்காரவைப்பேன். சொல்லாமல் தொடமாட்டேன். நாடி பார்த்து, பெரும்பாலும் ஒரே புள்ளியில் ஊசி வைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்: மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் ‘ஷென்மென்’. ஷென்னின் வாசல் என்று பொருள்.

ஊசி மட்டும் போதும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை எங்களை நம்பி நிறுத்தக் கூடாது. அதே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் ஓடினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற ‘டெலி மனாஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த அம்மாவையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். இரண்டு சிகிச்சையும் சேர்ந்தே நடந்தன.

மூன்றாவது மாதம் ஒருநாள் தனியாகவே வந்தார். “நேத்து குக்கர் வச்சேன்” என்றார். முதல் விசிலுக்கு அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டாராம். இரண்டாவதுக்கு வாசற்படியிலேயே நின்றிருக்கிறார். மூன்றாவது விசில் வந்ததும் அவரே போய் அடுப்பை அணைத்தாராம்.