லாரி ஏன் லொடலொடவென்று ஆடியது

அக்கா மகனுக்கு மரத்தில் ஒரு லாரி செய்து தரலாம் என்று இரண்டு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்தேன். 3 மி.மீ. பிளைவுட், அதனால் ஒரு பலகை இன்னொன்றில் செருகும் காடி எல்லாவற்றையும் சரியாக 3 மி.மீ. என்றே போட்டேன். பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டும் கடையில் கொடுத்து லேசரில் வெட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தால் கேபின் ஒரு பக்கம் சாய்கிறது, சக்கரம் அச்சோடு சேர்ந்து சுற்றாமல் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது, தூக்கினால் மொத்தமும் லொடலொட. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. நான் வரைந்த கோட்டுக்கு அகலம் கிடையாது, வெட்டிய ஒளிக்கு உண்டு.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள். லேசர் மெஷின் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கடையில் இருந்தது 60 வாட் மெஷின். பழைய குண்டு பல்புகூட 60 வாட் இருக்குமே, இது எப்படி மரத்தை அறுக்கும்? பல்பு தன் ஆற்றலை அறை முழுக்க இறைத்துவிடுகிறது, இங்கே 60 வாட்டும் 0.2 மி.மீ. அகலமுள்ள ஒரே புள்ளியில் இறங்குகிறது. கணக்குப் போட்டால் ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 1,900 வாட். உச்சி வெயிலில் அதே பரப்புக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைவிட 19 லட்சம் மடங்கு!

அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. பலகை மேல் ஓடும் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி, உண்மையில் வெட்டுவது 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. மெஷினின் பின்பக்கம் படுத்திருக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் நைட்ரஜன் மூலக்கூறுகள் துள்ள ஆரம்பித்து, போய்க் கரியமில வாயுவோடு மோதி, ஆற்றலை அதன் தலையில் கட்டிவிடும். கரியமில வாயு அதை ஒளியாகக் கொட்டிவிடும், அப்புறம் ஹீலியம் அதன் மிச்சச் சூட்டைத் தணித்து அடுத்த சுற்றுக்குத் தயார் செய்யும். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டியவர் நம்மூர்க்காரர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை.

இந்த அலைநீளத்தை மரம் அப்படியே குடித்துவிடும். சாதாரணக் கண்ணாடியும் இதை ஊடுருவ விடாது, அதனால்தான் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் துத்தநாக செலினைடு என்ற மஞ்சள் நிறப் பொருளில் வருகிறது. அக்ரிலிக் உருகி ஆவியாகும், வெட்டிய ஓரம் பளபளப்பாக இருக்கும். மரத்துக்கு உருகவே தெரியாது. சூடு 300 டிகிரியைத் தாண்டியதும் செல்லுலோஸ் சிதைந்து புகையும் தாருமாகப் போய்விடும், மிஞ்சுவது கரி. லாரியின் ஓரமெல்லாம் கறுப்பாக இருப்பது இதனால்தான். லென்ஸுக்குக் கீழிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் அந்தப் புகையே தீப்பிடிக்கும். பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் தார்க்கறை டேப்போடு போய்விடும்.

சரி, லொடலொடவுக்கு வருவோம். புள்ளி 0.2 மி.மீ. அகலம், அது கோட்டின் நடுவில் ஓடுகிறது, ஆகவே இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. மரம் புகையாகப் போகும். 3 மி.மீ. என்று வரைந்த காடி 3.2 ஆகிவிட்டது. இது போதாதென்று, 3 மி.மீ. என்று விற்ற பிளைவுட்டை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 2.8 தான் இருக்கிறது. 3.2 காடிக்குள் 2.8 பலகை ஆடாமல் என்ன செய்யும்? எங்கள் தெரு ஆசாரியிடம் சொன்னேன், சிரித்தார். "கோட்டுக்கு எந்தப் பக்கம் ரம்பம் போகணும்னு பார்க்காம அறுத்தா அப்படித்தான் தம்பி."

இரண்டாவது தடவை முதலில் ஒரு சோதனை வெட்டு. 10 மி.மீ. அகலத்தில் பத்துப் பட்டைகளை ஒட்டி ஒட்டி வரைந்து வெட்டினேன், பிறகு எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து அளந்தேன். 100 இருக்க வேண்டிய இடத்தில் 98 இருந்தது. பட்டைக்கு 0.2 போயிருக்கிறது. ஒரு வெட்டை மட்டும் அளந்தால் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது, பத்தைச் சேர்த்து அளந்தால் தவறு பத்தில் ஒன்றாகிவிடும். பலகை 2.8, அதில் 0.2 கழித்து, காடியை 2.6 என்று வரைந்தேன். பலகையின் கனம் ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும், அதனால் இந்த எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சக்கரத்தில்தான் வேடிக்கை. அச்சு 6 மி.மீ. மரக்குச்சி. லாரியின் அடிப்பலகையில் அது தடையில்லாமல் உருள வேண்டும், ஆகவே அங்கே 6 என்றே வரைந்தால் தானாக 6.2 ஆகிவிடும், வேலை முடிந்தது. சக்கரம் அச்சை இறுகப் பிடிக்க வேண்டும், அங்கே 5.8. ஒரே குச்சிக்கு இரண்டு அளவு. ஒளிக்கற்றை குவிந்து மறுபடி விரிவதால் துளை மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்காது, குச்சி ஒரு பக்கம் சுலபமாக நுழையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும், நுழைகிற பக்கமாகப் பார்த்துத் தட்டினால் போதும். 3 மி.மீ. சக்கரம் தனியாக நின்றால் அலையும் என்பதால் மூன்று வட்டங்களை ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். துளையை முதலில் வெட்டி, வெளிவட்டத்தைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள், வட்டம் முதலில் கழன்று சாய்ந்துவிட்டால் துளை நடுவில் விழாது.

கறுத்த ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, அடிப்பலகைத் துளையில் மெழுகுவத்தியைத் தடவிப் பூட்டினேன். பலகைகளை ரப்பர் சுத்தியால் தட்டித்தான் செருக முடிந்தது, அங்கே பசையே போடவில்லை. லாரி நேராக ஓடும்போது ஜோர். திருப்பும்போது மட்டும் தரையை உரசி முனகுகிறது: இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டிய வளைவிலும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். தூக்கிப்போடாமல் வைத்திருந்த முதல் லாரியின் 6.2 துளைச் சக்கரங்களை இப்போது முன் அச்சில் மாட்டி, கழன்று வராமல் நுனியில் ஒரு சின்ன வட்டத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.