ஊட்டி ஏறுனா மட்டும் வேன் சிங்க்ல ஏன் நாத்தம் வருது?

பழைய டெம்போ டிராவலர் ஒண்ண வாங்கி, உள்ள கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் தானே வெச்சு கேம்பர் வேனா மாத்தியிருக்கற கோயம்புத்தூர் வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "வீட்டு வாசல்ல நிக்கறப்ப ஒண்ணும் தெரியல சார், ஊட்டி ஏறுனா சிங்க் ஓட்டைல குபுகுபுன்னு சத்தம், பின்னாடியே சாக்கடை நாத்தம். டேங்க கழுவியாச்சு, ஃபினாயில் ஊத்தியாச்சு, போக மாட்டேங்குது." ரொம்ப அருமையான கேள்விங்க இது, ஏன்னா இதுக்கு பதில் முழுக்க காத்தழுத்தத்துல இருக்கு.

நல்ல தண்ணி பக்கத்த வேகமா முடிச்சுடறேன். ஃபுட் கிரேட் பிளாஸ்டிக் டேங்க், அடுத்து ஒரு ஃபில்டர், அடுத்து 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைஞ்சு தண்ணி இழுக்கற பம்ப்), அப்புறம் குழாய், அவ்ளோதான். பம்புலயே பிரஷர் சுவிட்ச் இருக்கும், குழாய மூடுனா லைன்ல அழுத்தம் ஏறி தானா நிக்கும், தொறந்தா ஓடும். 80 லிட்டர் தண்ணின்னா 80 கிலோ, அதனால டேங்க் முடிஞ்ச வரைக்கும் கீழ, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கட்டும்.

இப்ப கழிவுத் தண்ணி. சோப்பு, எண்ணெய், சோத்துப் பருக்கைன்னு எல்லாம் சிங்க்ல இருந்து கழிவு டேங்க்ல போய் சேரும், ஒரு ரெண்டு நாள்ல அதுல இருக்கற ஆக்சிஜன் தீந்துடும், அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே வாழற பாக்டீரியா வேலைய ஆரம்பிச்சு தண்ணில இருக்கற சல்ஃபேட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும், அழுகுன முட்டை நாத்தம் அதுதான். காத்துல நூறு கோடில சில பங்கு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சுடும், அதனால எவ்ளோ கழுவுனாலும் பத்தாது, வாயுவ மேல வராம தடுக்கத்தான் வேணும்.

அதுக்குத்தான் சிங்க் அடியில வளைஞ்ச டிராப். 1775ல அலெக்சாண்டர் கம்மிங்ங்கற ஸ்காட்லாந்து கடிகாரக்காரர் கழிவறைக்காக இந்த எஸ் வளைவுக்கு பேட்டன்ட் வாங்கினார். வளைவுல கொஞ்சம் தண்ணி எப்பவும் தங்கும், தண்ணி கீழ போகலாம், வாயு மேல வர முடியாது. நகர்ற பாகம் ஒண்ணு கூட கெடையாது, 250 வருஷமா உலகம் பூரா இதுதான் ஓடுது, எனக்கு இத நெனச்சாலே சந்தோஷமா இருக்கும்.

ஆனா அந்த தண்ணிப் பூட்டுக்கு எவ்ளோ பலம்? நல்ல டிராப்ல தண்ணி ஒரு 5 சென்டிமீட்டர் ஆழம் நிக்கும். நம்மள சுத்தி இருக்கற காத்தழுத்தமோ சுமார் 10 மீட்டர் ஒசரத் தண்ணிக்கு சமம். அப்ப இந்த பூட்டு தாங்கறது அதுல 200ல ஒரு பங்குதான். காத்து தண்ணியவிட ஏறக்குறைய 850 மடங்கு லேசு, அதனால மலைல வெறும் 50 மீட்டர் ஏறுனா வெளிய அழுத்தம் 5, 6 சென்டிமீட்டர் தண்ணி அளவுக்கு கொறைஞ்சுடும். சரியா நம்ம டிராப்போட அளவு! மலையடிவாரத்துல இருக்கற கல்லார் தாண்டி ஏற ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே, எல்லா பக்கமும் மூடுன டேங்க்ல அடைபட்டிருக்கற கோயம்புத்தூர் காத்து வெளிய இருக்கறதவிட பலமாயிடும், டிராப் தண்ணிய தள்ளிக்கிட்டு குமிழி குமிழியா சிங்க் வழியா வந்துடும். ஊட்டி 2,240 மீட்டர், அது வரைக்கும் கணக்கு போட்டா கிட்டத்தட்ட 2 மீட்டர் தண்ணி அளவுக்கு அழுத்த வித்தியாசம், 5 சென்டிமீட்டர் எங்க நிக்கும்? எறங்கறப்ப இது அப்படியே தலைகீழ், வெளிக்காத்து டிராப் தண்ணிய டேங்க்குக்குள்ள தள்ளிடும், பூட்டு காலி, அப்புறம் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தும் நாத்தம் நிக்காது.

மலையே வேண்டாம், வெயில் போதும். டேங்க் காத்து 30 டிகிரில இருந்து 45க்கு சூடானா அழுத்தம் 5 சதவீதம் ஏறும், அதாவது அரை மீட்டர் தண்ணி, டிராப்பவிட பத்து மடங்கு.

அதனால கழிவு டேங்க் உச்சில இருந்து காத்து போய் வர ஒரு வென்ட் டியூப் போடுங்க, முக்கால் இஞ்ச் ஓஸ் போதும், ஜன்னல் பக்கம் வராம கூரைக்கு மேல கொண்டு போங்க. நடுவுல எங்கயும் தொங்க விடாதீங்க, தொங்கற எடத்துல தண்ணி தேங்குனா அதுவே இன்னொரு டிராப் ஆயி காத்த அடைச்சுடும். டியூப் வாய்ல கொசு வலை கட்டாயம். நல்ல தண்ணி டேங்குக்கும் தனி வென்ட் வேணும், இல்லன்னா பம்ப் இழுக்க இழுக்க டேங்க் உள்ள ஒட்டிக்கும். வளைவுல வண்டி திரும்பறப்ப தண்ணி அலம்பி டிராப் காலியாகுதுன்னா தண்ணியே இல்லாத சிலிக்கான் வால்வு டிராப் கெடைக்குது, கீழ போறப்ப தொறக்கும், மத்த நேரம் ஒட்டிக்கும், மோட்டார் ஹோம்கள்ல இத பயன்படுத்தறாங்க.

ஒண்ணு சொல்லியே ஆகணும். பூட்டிக் கெடந்த வீட்ட தொறந்ததும் நாத்தம் அடிச்சா கெட்ட காத்து, ஏதோ இருக்குன்னு பரிகாரம் பண்றவங்கள பாத்திருக்கேன், பாத்ரூம் டிராப் காஞ்சிருக்கும், ரெண்டு மக் தண்ணி ஊத்துனா போதும். காஞ்ச டிராப் வெறும் நாத்தத்தோட போகற விஷயமும் இல்ல, 2003ல ஹாங்காங் அமாய் கார்டன்ஸ் குடியிருப்புல 300 பேருக்கு மேல சார்ஸ்ங்கற சுவாச நோய் வந்தது, காஞ்சு போன தரை டிராப் வழியா கிருமி பரவுனது அதுக்கு ஒரு முக்கிய காரணம்னு விசாரணைல சொன்னாங்க. கழிவுக் குழாய்க்குள்ள காத்து எப்படி நகருதுங்கற ஆராய்ச்சிக்கு நம்ம அரசாங்கம் தாராளமா காசு ஒதுக்கணும்ங்கறது என் கருத்து.

டியூப் மாட்டுனதும் கழிவு டேங்க முக்கால்வாசி நெரப்பி, சாக்கடை இணைப்பு இருக்கற எடத்துல நிறுத்தி, தயவு செஞ்சு நீலகிரி ஓடைல வேண்டாம், டிரெயின் வால்வ முழுசா தொறந்து விடுங்க. தண்ணி போக போக டேங்க் காத்த உள்ள இழுக்கும், காலியாகற வரைக்கும் சிங்க்ல சத்தமே வரலன்னா காத்து டியூப் வழியாத்தான் வருது, வேலை முடிஞ்சது, குபுக்குன்னு ஒரு தடவ கேட்டாலும் டியூப் எங்கயோ மடிஞ்சிருக்கு, இல்ல இன்னும் பெரிசா வேணும்.