அந்தப் பாட்டியை ஊமையாக்காதீர்கள்

போன மாதம் மூன்று பேர் கொண்ட ஒரு சிறிய குழு தங்கள் கேமின் புதிய பில்டை (இன்னும் முடியாத, ஆடிப் பார்க்கக்கூடிய பதிப்பை) எனக்கு அனுப்பியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊர். அங்கே கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இளம் தபால்காரராக நாம் ஆட வேண்டும். படகு ஒரு பாட்டியுடையது. அவருக்குக் கை முறிந்திருப்பதால் துடுப்பு நம்மிடம். அவர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்வார்.

முதல் பில்டில் அந்தப் பாட்டி நல்ல வாயாடி. தண்ணீருக்கு மேலே தெரியும் கூரை யாருடையது, எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டோடு பேசமாட்டார் என்று சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. புதிய பில்டில் அவர் கிட்டத்தட்ட ஊமை. 340 வரி வசனம் 90 ஆகிவிட்டது. போதாததற்கு ஞாபகமறதியும் கொடுத்திருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். "ஆடிப் பார்த்தவங்க எல்லாரும் பாட்டிதான் ஹீரோ மாதிரி இருக்காங்க, நம்ம ஆளுக்கு வேலையே இல்லைன்னு சொன்னாங்க மேடம்" என்றார்கள்.

இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது முறை. பாத்திரங்கள்தான் வேறு வேறு. செய்த காரியம் ஒன்றேதான். கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் தொழில். பாட்டியைப் போலக் கூட வரும் துணைப் பாத்திரம், கேம் ஆடுபவரை மறைக்கிறது என்ற புகார் பல நேரங்களில் உண்மை. அதை மறுக்கவில்லை. அதற்குச் செய்யும் வைத்தியம்தான் எனக்குத் தாங்கவில்லை. காலில் முள் குத்தியிருக்கிறது, நாக்கை வெட்டுகிறார்கள்.

(கீழே சில கேம்களின் முடிவைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.)

நிறையப் பேசுகிறவர்தான் கதாநாயகர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஆடும் கோர்டன் ஃப்ரீமன் கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். பக்கத்தில் இருக்கும் ஆலிக்ஸ் வான்ஸ் சிரிப்பார், திட்டுவார், அப்பாவை நினைத்துக் கவலைப்படுவார். 2006இல் வந்த எபிசோட் ஒன் பகுதியில் ஏறக்குறைய முழுக்க அவர் நம்முடனேயே வருகிறார். பேச்சை எண்ணிப் பார்த்தால் அது ஆலிக்ஸின் கேம்தான். ஆடிப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஏன்?

அதில் ஓர் இருட்டுப் பகுதி உண்டு. ஜாம்பிகள் வருகிறார்கள். ஆலிக்ஸிடம் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா தீராது. ஆனால் அவருக்குக் கண் தெரிய வேண்டும். நாம் டார்ச் அடிக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவர் சுடுவார். சுடுவது அவர், எதைச் சுட வேண்டும், எப்போது என்பது நம் கையில். அந்தப் பகுதியை எத்தனையோ முறை ஆடியிருக்கிறேன். ஒருமுறைகூட ஆலிக்ஸுக்கு எடுபிடி வேலை செய்வதாகத் தோன்றியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து தப்பித்தோம் என்றுதான் இருக்கும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டியக்காரன்தான் அதிகம் பேசுவான், கூட்டத்தைச் சிரிக்க வைப்பான், ராஜாவையே கிண்டல் செய்வான். விடியும்வரை பார்த்தாலும் அவனை யாரும் ராஜா என்று நினைப்பதில்லை. முடிவெடுப்பதும் அதன் பலனைச் சுமப்பதும் கிரீடம் வைத்தவர்தான்.

திறமையின் கதையும் இதேதான். துணைப் பாத்திரம் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் ஆடுபவர் சிறுத்துப்போவார் என்று பயப்படுகிறார்கள். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்தை ஆடிப் பாருங்கள். நாம் ஆடும் துப்பறிவாளருக்குத் தன் பெயரே மறந்துவிட்டது. குடித்துக் குடித்து மூளையைக் கெடுத்துக்கொண்டவர். கூட வரும் கிம் கிட்சுராகி நிதானமானவர், வேலை தெரிந்தவர், மரியாதை தெரிந்தவர். எந்த அளவுகோலில் பார்த்தாலும் நம்மைவிட மேல். அந்த வழக்கை அவரிடமே கொடுத்திருந்தால் ஒழுங்காக முடித்திருப்பார் என்றுகூடத் தோன்றும். இருந்தும் அவர் நம்மை மறைப்பதில்லை. அடுத்து எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது, எவ்வளவு கேவலமாக நடந்துகொள்வது என்பதெல்லாம் நம் விருப்பம். அவர் பார்ப்பார், நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார், சில சமயம் ஒரு புருவம் உயரும். அந்தப் புருவத்துக்குப் பயந்து நான் முடிவை மாற்றியிருக்கிறேன். அவர் அவ்வளவு நல்ல போலீஸ்காரராக இருப்பதால்தான் அவர் முன்னால் நாம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் எடை வருகிறது. கிம்மை மக்காக எழுதியிருந்தால் நம் துப்பறிவாளர் பெரியவராகியிருக்க மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சின்னவர்களாகியிருப்பார்கள்.

ரசிகர்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்து அளப்பதும் தப்பு. பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்தபோது எங்கு பார்த்தாலும் அதில் நம்மோடு வரும் அஸ்டாரியனும் கார்லாக்கும்தான். நாமே உருவாக்கும் பாத்திரத்தைப் பற்றி யாரும் படம் வரைந்து போடவில்லையே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சரி, அஸ்டாரியன் தன்னை அடிமையாக வைத்திருந்த எஜமானனின் சடங்கைத் தானே முடித்து அதிகாரத்தை எடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்ற இடம் வரும்போது பேச்சு யாரிடம் வருகிறது? நம்மிடம். நேசிக்கப்படுவதும் மறைப்பதும் வேறு வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, துணைப் பாத்திரத்தை அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் வருகிற எல்லாரையும் ஆடச் சொல்லும் உதாரணம், 2008இல் வந்த ஃபால்அவுட் 3. முடிவில், கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது ஒருவர் போய் ஓர் இயந்திரத்தை இயக்க எண்களை அழுத்த வேண்டும். போகிறவர் திரும்ப மாட்டார். உங்கள் பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற சூப்பர் மியூட்டன்ட் (உருமாறிய ராட்சத மனிதர்) நின்றுகொண்டிருக்கலாம். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. அது நமக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் முன்பு வால்ட் 87இல் இதே மாதிரி ஓர் அறைக்குள் அவர்தான் நடந்துபோய் நமக்கு வேண்டிய கருவியை எடுத்துவந்து கொடுத்தார். இப்போது கேட்டால், இது உன் விதி, அதில் நான் தலையிடக் கூடாது என்கிற தொனியில் மறுத்துவிடுவார்.

எழுதியவர்களின் நோக்கம் எனக்குப் புரிகிறது. கடைசித் தியாகம் ஆடுபவருடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் அதற்காக ஃபாக்ஸின் அறிவையும் நட்பையும் பிடுங்கிவிட்டார்கள். தியாகமாக இருக்க வேண்டியது வீண் சாவாகப் போனது. ஆடியவர்கள் கொதித்தார்கள். 2009இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில் ஃபாக்ஸை உள்ளே அனுப்ப வழி செய்தார்கள். என் பயிற்சி வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் திரையைப் பார்த்து "நீ போயேன்ப்பா" என்று சொல்லிவிடுவார். துணைப் பாத்திரத்தை வேண்டுமென்றே மட்டம் தட்டினால் ஆடுபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் உண்மையிலேயே மறைப்பது எது?

2006இல் வந்த ஆப்லிவியனில் கடைசிப் போர். மார்ட்டின் என்ற பூசாரியைத் தேடிக் கண்டுபிடித்தது நாம். அவருக்கு வேண்டிய பொருள்களை உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்தது நாம். கடைசியில் மெஹ்ரூன்ஸ் டேகன் என்ற அசுரன் நகரத்துக்குள் நிற்கும்போது மார்ட்டின் அரச தாயத்தை உடைத்து, தீயால் ஆன டிராகனாக மாறி அவனை வீழ்த்துகிறார். நாம் நின்று பார்க்கிறோம். எனக்கு மார்ட்டின் மேல் கோபமில்லை. பேரரசரின் மகன் அவர், அந்தத் தியாகம் அவருக்கு உரியது. அது அவருடைய கதை என்று கேம் ஆரம்பத்திலிருந்தே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. சாதாரண மனிதராக ஒரு பெரிய நிகழ்வின் ஓரத்தில் நிற்பது அழகு என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் கைக்கு ஒரு வேலைகூட இல்லையே என்பதுதான் என் குறை. தாயத்தை உடைக்க அவருக்கு ஒரு நொடி தேவைப்பட்டு, அந்த நொடியை நாம் வாங்கிக் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

பயோஷாக் இன்ஃபினிட் (2013) இரண்டு பாடத்தையும் ஒரே கேமில் சொல்லித் தருகிறது. சண்டையில், கூட வரும் எலிசபெத் தோட்டாவும் மருந்தும் தூக்கிப் போடுவார். பிடித்துக்கொள்வது நம் கையில். பூட்டைத் திறப்பார், திறக்கச் சொல்வது நாம். எதிரிகள் அவரைத் தாக்குவதில்லை, அதனால் அவர் சுமையும் இல்லை. அருமை. ஆனால் கடைசிப் பகுதியில் எல்லாம் தெரிந்தவர் அவர், எல்லாக் கதவையும் காட்டுகிறவர் அவர். நாம் பின்னாலேயே நடந்து "இது என்ன, அது என்ன" என்று கேட்கும் ஆளாகிவிடுகிறோம். எலிசபெத் அதே எலிசபெத்தான். நம் கையில் இருந்த வேலை போய்விட்டது, அவ்வளவுதான்.

செய்வது யார், கண்டுபிடிப்பது யார். இதை மட்டும் பாருங்கள்.

கண்டுபிடிப்பு என்றதும் பஸில் ஹின்ட், அதாவது புதிரை விடுவிக்கக் கொடுக்கும் குறிப்பு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022இல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் மிக நல்ல கேம். ஆனாலும் அறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பதற்குள் கூட வருபவர் விடையைச் சொல்லிவிடுகிறார் என்ற புகார் ஆடியவர்களிடமிருந்து நிறைய வந்தது. நியாயமான புகார். கதையில் பாத்திரம் ஆயிரம் பேசட்டும், ஆடுபவரின் தலைக்குள் அரைகுறையாக உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு யோசனையைப் பறிக்கக் கூடாது. ஹின்ட் கொடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவதாக இருந்தால், அறைக்குள் வந்த நொடியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆடுபவர் முயற்சியை நிறுத்திய நொடியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டும் ஒன்றில்லை. ஓடிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருப்பவர் மாட்டிக்கொள்ளவில்லை, யோசிக்கிறார். அவரை விடுங்கள். ஹின்டை நிறுத்திவைக்கும் வசதி மெனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் பிளேடெஸ்ட், அதாவது வெளியாட்களை ஆட விட்டுப் பார்ப்பது. திரையைப் பார்த்தது போதும், ஆடுகிறவரின் கையைப் பாருங்கள். கன்ட்ரோலர் மடிக்கு இறங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துணைப் பாத்திரம் பேசும்போது இறங்கினால் பரவாயில்லை, காது கொடுத்துக் கேட்கிறார்கள். முக்கியமான காரியம் நடக்கும்போது இறங்கினால் அங்கேதான் உங்கள் நோய். "ஹீரோ யார் மாதிரி இருந்தது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், கேட்டால் யார் அதிகம் பேசினாரோ அவர் பெயர்தான் வரும். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "நான்" என்று தொடங்கும் வாக்கியம் எத்தனை, "அவர்" என்று தொடங்கும் வாக்கியம் எத்தனை என்று எண்ணுங்கள்.

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் எதிரே வினைச்சொல்லை மட்டும் எழுதிவையுங்கள். திறந்தார், மன்னித்தார், கொடுத்தார், சுட்டார். அந்த வினை யாருடையது? நான்கு காட்சி தொடர்ந்து கூட வருபவர் பெயரே இருந்தால் அங்கே திருத்துங்கள். வசனத்தில் கை வைக்க வேண்டாம். கட்சீனில், அதாவது ஆட முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற காட்சியில், ஆடுபவரின் பாத்திரம் தோற்று, துணைப் பாத்திரம் வந்து காப்பாற்றுவதை முழுக் கேமில் ஒரு முறைக்கு மேல் வைக்காதீர்கள். இப்போதுதான் அதே எதிரியைக் கஷ்டப்பட்டு வென்றிருக்கிறார், அடுத்த நொடி அவரைத் தரையில் கிடத்துகிறீர்கள். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

புதிதாக எழுத வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாத்திரம் உயிரோடு எழுந்து வருவது லேசில் நடக்காது. எத்தனையோ பக்கம் எழுதிக் கிழித்த பிறகு என்றைக்கோ ஒரு நாள் வரும். யாரோ நான்கு பேர் ஒரு படிவத்தில் எழுதியதற்காக அதைக் கொன்றுவிடாதீர்கள்.

பாட்டிக்கு வருகிறேன். பழைய பில்டைத் திரும்ப எடுத்து மூவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஆடினேன். நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டு, நீரோட்டத்தில் மாட்டி, வழி தவறி, கடைசியில் கடிதம் சேர வேண்டிய வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்கிறோம். கட்சீன் தொடங்குகிறது. பாட்டி நம் பையிலிருந்து கடிதத்தை எடுக்கிறார். பாட்டி கதவைத் தட்டுகிறார். பாட்டி கடிதத்தைக் கொடுக்கிறார். நாம் படகில் நிற்கிறோம். ஐந்து கடிதத்துக்கும் இப்படியேதான்.

"கதவை யார் தட்டுறாங்க?" என்று மட்டும் கேட்டேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

340 வரியும் திரும்ப வந்துவிட்டது. ஞாபகமறதி போய்விட்டது. கட்சீனை எடுத்துவிட்டு, தட்டுவதற்கு ஒரு பட்டன், கடிதத்தை நீட்டுவதற்கு இன்னொரு பட்டன் வைத்தார்கள். பாட்டி இப்போது படகிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரரின் மகன் எப்போது ஊரைவிட்டுப் போனான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் புதிதாக ஒருவரை ஆட விட்டோம். கடைசி வீட்டுக் கதவு முன்னால் அவர் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "குடுக்காம போகலாமா?" என்று கேட்டார்.

அதற்குக் கேமில் இன்னும் வழி இல்லை. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.