கிரைண்டிங்: ஆடுகிறோமா, ஆட்டுகிறோமா?

போன விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் காலை பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். "நைட்டெல்லாம் கிரைண்ட் பண்ணிட்டு இருந்தேன் மாமா" என்றான். அடுப்படியில் இருந்த என் அம்மா திரும்பிப் பார்த்து, "ஏஞ்சாமி, அரிசி ஊறப்போட்டது யாரு?" என்று கேட்டார்.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் சிரித்து முடித்தபின் யோசித்தால், அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் அம்மா நினைத்த இடத்தில்தான் இருக்கிறது.

'கிரைண்ட்' பழைய ஆங்கிலத்தில் 'கிரிண்டன்'. தானியத்தைக் கல்லுக்கு நடுவே போட்டு நசுக்கித் தூளாக்குவதுதான் அதன் பொருள். நாள் முழுக்க ஒரே திசையில் கல்லைச் சுற்றுகிற வேலை என்பதால், பின்னாளில் அலுப்பூட்டும் எந்த உழைப்புக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில், எந்நேரமும் புத்தகமும் கையுமாக உருப்போடும் மாணவனையும் 'கிரைண்ட்' என்றே கிண்டல் செய்தார்கள். இப்போது இன்ஸ்டாகிராமில் தன்னம்பிக்கை வகுப்பெடுப்பவர்கள் அதே சொல்லைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதை விடுங்கள்.

வீடியோ கேமில் இந்தச் சொல்லுக்குக் குறிப்பான பொருள் உண்டு. ஏற்கெனவே எளிதாகிவிட்ட ஒரு செயலை, ஏதோ ஓர் எண் ஏறவேண்டும் என்பதற்காகவே, திரும்பத் திரும்பச் செய்வது. 'எளிதாகிவிட்ட' என்பது இதில் முக்கியம். 90-களில் டிவியில் கேசட் சொருகி விளையாடியவர்களுக்கு இது உடனே புரியும். காண்ட்ரா என்ற ஆட்டத்தில் மூன்றே உயிர். அருவி கட்டத்தில் நூறு முறை விழுந்து செத்திருப்போம். அது கிரைண்டிங் ஆகாது. நூற்றியோராவது முறை தாண்டியபோது ஆட்டத்துக்குள் எந்த எண்ணும் ஏறியிருக்கவில்லை, நம் கட்டைவிரல்தான் தேறியிருந்தது. கிரைண்டிங்கில் நேர்மாறு. விரல் அப்படியே இருக்கும், எண் மட்டும் ஏறும்.

1986-ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோட்டையை விட்டு வெளியே வந்தால் ஸ்லைம் என்றொரு கொழகொழ உருண்டை எதிர்ப்படும். அதை அடித்தால் ஓர் அனுபவப் புள்ளி. இரண்டாம் நிலைக்குப் போக 7 புள்ளி, மூன்றாம் நிலைக்கு 23, அப்புறம் 47, அப்புறம் 110. சண்டை என்றால் 'தாக்கு' என்ற பட்டியல் வரியைத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான். பழைய ஆட்டங்களைத் தெய்வமாகக் கும்பிடும் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், இருந்தாலும் சொல்கிறேன்: அந்த ஆட்டத்தில் கதை கைப்பிடி அளவு, மாவு அண்டா அளவு. அதற்குக் காரணமும் இருந்தது. மொத்த ஆட்டமும் 64 கிலோபைட்டுக்குள் அடக்கம். காலையில் குடும்பக் குழுவில் வரும் 'இனிய காலை வணக்கம்' படமே அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்ன டப்பாவில் ஒரு பயணத்தை அடைக்கவேண்டும் என்றால் வழியில் கல்லைச் சுற்றவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

1988-ல் வந்த ஃபைனல் ஃபேன்டசி இரண்டாம் பாகம் இன்னும் வேடிக்கை. அதில் அடி வாங்கினால்தான் உடல்வலு ஏறும். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? எதிரியை விட்டுவிட்டுத் தங்கள் கூட்டாளிகளையே மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள். உலகத்தைக் காக்கக் கிளம்பிய வீரர்கள் காட்டுக்கு நடுவில் நின்று ஒருவரை ஒருவர் மொத்திக்கொள்ளும் காட்சியை எண்ணிப் பாருங்கள். புதுமையான விதிதான், மறுக்கவில்லை. முட்டாள்தனமான விதியும்கூட.

நாங்கள் சிறுவயதில் தெரியாமலேயே ஒன்று அரைத்திருக்கிறோம். சூப்பர் மாரியோவில் 3-1 என்ற கட்டம் முடியும் இடத்தில் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமை. அதன் ஓட்டின்மேல் சரியான படியில் குதித்துக்கொண்டே இருந்தால் உயிர் ஏறிக்கொண்டே போகும். எண்ணுக்குப் பதிலாகக் கிரீடம், ஏதேதோ கிறுக்கல் எல்லாம் தெரியும். 127-ஐத் தாண்டினால்தான் வினை. அந்த எண்ணை வைத்திருந்த இடம் அதற்குமேல் தாங்காமல் கழித்தல் கணக்காகப் புரண்டுவிடும். அடுத்து ஒருமுறை செத்தால் ஆட்டமே முடிந்துவிடும். அளவுக்கு மீறினால் அமிர்தமும் நஞ்சு என்பதை அன்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. கேசட்டில் ஏதோ கோளாறு என்று ஊதி ஊதிப் போட்டோம்.

சரி, இந்தக் கிரைண்டிங்குக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம்? அதற்குமுன், மற்ற ஊர்க்காரர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்? ஜப்பானியர்கள் 'நிலை ஏற்றல்' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அலுப்புத் தட்டினால் 'சாக்யோ', அதாவது வெறும் வேலை, என்று முகம் சுளிப்பார்கள். கொரியாவில் 'நோகடா'. கட்டட வேலைக்குப் போகும் கூலியாளைக் குறித்த ஜப்பானியச் சொல் திரிந்து கொரியாவுக்குப் போய், கூலி வேலையாகி, கடைசியில் கேமுக்குள் நுழைந்திருக்கிறது. சீனர்கள் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் 'கல்லீரல்' என்கிறார்கள். ராக்கண் விழித்தால் கல்லீரல் கெடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் நிறைய அரைக்கவேண்டிய ஆட்டத்தை 'ரொம்பக் கல்லீரல்' என்பார்களாம். ஒவ்வொரு மொழியும் தன் வீட்டு அலுப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்திருக்கிறது. யாரும் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக்கொள்ளவில்லை.

நம் வீட்டில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை, இருப்பது நெரிசல்தான். அம்மியில் வைத்தால் அரைப்பது. உரலில் போட்டால் இடிப்பது. திரிகையில் திரிப்பது. ஆட்டுக்கல்லில் ஆட்டுவது. செக்கிலும் ஆட்டுவதுதான். இதில் எதை எடுப்பது?

முதலில் தோன்றுவது 'அரைத்தல்'. 'அரைத்த மாவையே அரைக்கிறான்' என்ற வழக்கு இருப்பதால் பொருத்தம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த வழக்கு பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியது. சொன்னதையே சொல்பவனைக் குறிக்கிறது. ஆண்டுக்கு ஒரு பாகம் என்று அதே பந்தாட்டத்தையும் அதே துப்பாக்கி ஆட்டத்தையும் மேல்பூச்சு மாற்றி விற்கிறார்களே, அவர்களுக்கு அதை ஒதுக்கி வைக்கலாம். அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

'செக்கிழுத்தல்' என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.தான் கண்முன் நிற்கிறார். மெத்தையில் படுத்துக்கொண்டு கைபேசியைத் தட்டுவதற்கு அந்தச் சொல்லைத் தொடக்கூடாது. ஆனால் அங்கே ஓர் ஒற்றுமை இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் அதன் படிகளை மிதிக்கவேண்டும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் தண்ணீர் இறைத்தது, வேறு சிலவற்றில் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா சுற்றியது. அப்படிச் சுற்றுவதைக் 'காற்றை அரைப்பது' என்றார்கள். இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடும் டிரெட்மில்லின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பெயரிலேயே 'மில்' இருக்கிறது பாருங்கள்.

'சலிப்புழைப்பு', 'மீள்வினை ஈட்டல்' என்றெல்லாம் ஆக்கலாம். யார் சொல்லப்போகிறார்கள்? நடு ஆட்டத்தில் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் குண்டு பாய்ந்துவிடும்.

என் தேர்வு 'மாவாட்டுதல்'. முதல் காரணம், எல்லாருக்கும் தெரிந்த சொல். 'வேற வேலை இல்லைன்னா போய் மாவாட்டு' என்று திட்டுவதில் இருக்கும் அந்த லேசான இளக்காரமும் இந்தப் பொருளுக்கு வேண்டியதே. கிரைண்டர் என்றால் கோயம்புத்தூர், அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. எனவே சொல்லுக்கு ஊர்ப் பெருமையும் சேர்கிறது.

இரண்டாவது காரணம் இலக்கணம். ஆடு என்பது தன்வினை. அதிலிருந்து வருவது ஆட்டம். ஆட்டு என்பது பிறவினை, மற்றொன்றை ஆடவைப்பது. குழந்தைகள் நினைப்பதுபோல ஆட்டுக்கல்லில் ஆடு இல்லை, இந்த ஆட்டுதான் இருக்கிறது. ஆக, கேமைக் குறிக்கும் ஆட்டமும் மாவை ஆட்டுவதும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒருவன் ஆடிக்கொண்டிருக்கிறானா, ஆட்டிக்கொண்டிருக்கிறானா, அல்லது அந்த ஆட்டம் அவனை ஆட்டிவைக்கிறதா என்று மூன்று நிலைகளையும் ஒரே வேரை வைத்தே தமிழில் பேசமுடிகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது.

மாவாட்டுதல் என்று பெயர் வைத்தபின் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கவும் எளிதாகிறது. மாவாட்டினால் மறுநாள் இட்லி உண்டு. ஸ்டார்ட்யூ வேலி 2016-ல் வந்த விவசாய ஆட்டம், ஒற்றை மனிதர் உருவாக்கியது. தொடக்கத்தில் தினமும் காலையில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். சுத்தமான மாவாட்டு. ஆனால் கொஞ்ச நாளில் சுரங்கத்தில் நீங்களே வெட்டிய தாதுவை உருக்கித் தெளிப்பான் செய்துகொள்ளலாம். அடுத்த நாள் காலையில் அது தானாகத் தண்ணீர் தெளிக்கும்போது வரும் சுகம் இருக்கிறதே, ஆட்டுக்கல் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த நாளின் சுகம் அது. ஆட்டினவருக்கே இட்லி கிடைத்தது.

எல்டன் ரிங் 2022-ல் வந்தது. கடினமான ஆட்டம் என்று பெயர் வாங்கியது. அதில் ஓரிடத்தில் பள்ளத்துக்கு அப்பால் ஒரு ராட்சதப் பறவை நிற்கும். அம்பு விட்டால் கோபத்தில் ஓடிவந்து தானே பள்ளத்தில் விழுந்து சாகும். நமக்குப் பதினோராயிரம் ரூனுக்கு மேல் கிடைக்கும். ரூன் என்பது நிலை ஏற்ற உதவும், அந்த ஆட்டத்தின் காசு. ஓய்வெடுக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் பறவை மறுபடி அங்கே நிற்கும், மறுபடி அம்பு. நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க விட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிடித்திருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தோற்றுத் தோற்று மனம் வெறுத்தவனுக்கு ஒதுங்கி உட்கார ஒரு திண்ணை மாதிரி அது.

ரூன்ஸ்கேப் என்ற 2001-ஆம் ஆண்டு ஆட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு திறனில் 99-ஆம் நிலையை எட்ட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். மரம் வெட்டினால் மரம், மீன் பிடித்தால் மீன். 92-ஐத் தொட்டு, 'அப்பாடா, இன்னும் ஏழுதான்' என்று மூச்சு விடுவோம். கணக்குப் பார்த்தால் 92-தான் பாதி வழி. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கல் கனமானது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு வகையில். கல்லை வேண்டுமென்றே கனமாக்கிவிட்டு, பக்கத்திலேயே மோட்டார் விற்பது. 2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் இரண்டில் டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற வில்லனாக ஆட, ஆட்டத்துக்குள் 60,000 காசு சேர்க்கவேண்டியிருந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்குள், நிஜப் பணம் கொடுத்து வாங்கும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகள் குறுக்குவழியாகக் காத்திருந்தன. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தபின் 60,000 என்பது 15,000 ஆனது. வெளியீட்டுக்கு முதல் நாள் உள்ளே இருந்த கடையையே தற்காலிகமாக மூடினார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டத்தில் சேர்த்துவிட்டது. 2018-ன் அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் ஐம்பது விழுக்காடு கூடுதல் அனுபவப் புள்ளி தனியே விலைக்கு வைக்கப்பட்டிருந்தது. அழகான கிரேக்கத் தீவுகள், கண் நிறைந்த கடல். ஆனால் அதற்கப்புறம் நிலை ஏறத் தாமதமாகும்போதெல்லாம், இது ஆட்டத்தின் நடையா, கடைக்காரரின் தராசா என்ற சந்தேகம் கூடவே வரும். அந்தச் சந்தேகமே ஆட்டத்தைக் கெடுத்துவிடுகிறது.

அனுபவப் புள்ளியைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் அதற்குப் 'பட்டறிவு' என்ற சொல் இருக்கிறது. பட்டு அறிந்தது. படாமலே, அறியாமலே, அட்டை தேய்த்து வாங்கும் பட்டறிவை என்னவென்று சொல்வது?

மாவே இல்லாமல் கல்லை ஓடவிடுவது கடைசி வகை. 'வெறுங்கல் ஓடுது, நிறுத்து' என்று அம்மா கத்துவார். கல் தேய்ந்துவிடும். அதற்குப் பெயர் 'வெறுங்கல் ஓட்டுதல்' என்றே வைத்துக்கொள்ளலாம். அக்கா மகன் ஆடும் நூறு பேர் குதிக்கும் ஆட்டத்தில் பருவம் முடிந்ததும் ரேங்க் இறங்கிவிடும். ஏற்றியதையே மறுபடி ஏற்றவேண்டும். அவனிடம் இந்தச் சொற்களையெல்லாம் சொன்னேன். வெறுங்கல் அவனுக்குப் பிடிக்கவில்லை, முகம் சுருங்கியது. மாவாட்டு பிடித்துவிட்டது.

அன்றிரவு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளிடம், "வாங்கடா, மாவாட்டலாம்" என்றான். மறுமுனையில் மதுரைக்காரப் பையன் ஒருவன் போல. "உளுந்து எவ்வளவுடா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.