சொரோரிட்டி கோட்டா: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது

"நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்காங்க மேடம்?" அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருப்பதால், ஆகஸ்டில் சொரோரிட்டி (மாணவியர் சங்கம்) ரஷ், அதாவது பல சுற்றுகளாக நடக்கும் சேர்க்கை, நெருங்கும்போது தமிழ்ப் பெற்றோர் இப்படிக் கேட்பதுண்டு. அப்படி யாருக்கும் எதுவும் ஒதுக்குவதில்லை. ஒரு வீடு, அதாவது ஒரு சொரோரிட்டி, இந்த முறை எத்தனை புதுப் பெண்களை எடுக்கலாம் என்ற வரம்புதான் கோட்டா. அந்த வளாகத்தில் எல்லா வீடுகளுக்கும் ஒரே எண்.

எதற்கு இந்த வரம்பு? அலபாமா பல்கலைக்கழகத்தில் 2,000 பேருக்கு மேல் ரஷ்ஷுக்கு வருகிறார்கள். விட்டால் பேர்பெற்ற நாலு வீடுகள் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும், மற்ற வீடுகள் ஆளும் சந்தாவும் இல்லாமல் கதவைச் சாத்திவிடும், அப்புறம் மிச்சப் பெண்களுக்குப் போக இடமே இருக்காது.

2003 முதல் இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஒரு வீடு அழைத்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்து, அடுத்த சுற்றுக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிடுவார்கள். கூப்பிட்டால் எல்லோரும் ஓடி வரும் வீடு, முதல் சுற்றிலேயே ஏராளமானோரை விட்டாக வேண்டும். உங்கள் மகளை இரண்டாம் நாளே விட்டதற்கு இந்தக் கணக்கும் காரணமாக இருக்கலாம்.

நிறம் காரணமாகவே இருக்காது என்று சொல்ல வரவில்லை. 2013-இல் அதே அலபாமாவில், கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க முன்னாள் உறுப்பினர்கள் தடை போட்டதை மாணவர் பத்திரிகைதான் வெளிக்கொண்டுவந்தது. கோட்டா எண்ணிக்கையைத்தான் பார்க்கும், மனசைப் பார்க்காது.

பெண்கள் சறுக்குவது கடைசி நாளில்தான். இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு, "கிடைத்தால் அது, இல்லையென்றால் வேண்டாம்" என்று ஒன்றை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வீடு நிரம்பிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வந்த அழைப்புகளை முடிந்தவரை ஏற்று, கடைசியில் போன வீடுகளை எல்லாம் வரிசையாக எழுதியவளுக்கு இடம் அமையாவிட்டால், கோட்டாவுக்கு மேலேயே கூடுதல் ஆளாக ஒரு வீட்டில் சேர்க்க விதியில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. கையெழுத்துப் போட்டபின் கிடைத்த வீட்டை மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டு ரஷ் வரை பான்ஹெலனிக் என்ற இதே சொரோரிட்டிக் கூட்டமைப்பின் வேறு வீட்டில் சேர முடியாது என்பதையும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

மகன் ஃபிரட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) என்கிறானா? அங்கே பெரும்பாலும் இந்தக் கோட்டாவே கிடையாது, பிடித்தவர்களை அவர்கள் பாட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

சரி, ரஷ்ஷில் எதுவும் அமையவில்லையா? ஆள் குறைவாக உள்ள வீடுகள் பிறகும் சேர்த்துக்கொள்ளும். வளாகத்தின் பான்ஹெலனிக் அலுவலகத்தில் அவளையே போய்க் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் போன் செய்ய வேண்டாம்.